மஃரிப் நேரத்துக் கோடிங் வகுப்பு



மாலை ஆறரை மணிக்கு நம் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய போட்டி நடக்கிறது. ஒருபுறம் மஃரிப் தொழுகையும், அதை அடுத்துப் பள்ளிவாசலில் நடைபெறும் குர்ஆன் மத்ரஸாவும். மறுபுறம், காதில் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டு பிள்ளை அமர வேண்டிய இணையவழிக் கோடிங் வகுப்பு. பணம் கட்டியது இரண்டாவதற்கு. ஆகவே பெரும்பாலும் அதுவே வெல்கிறது. "மத்ரஸா நாளைக்கும் இருக்கும், இந்த வகுப்பு போனால் காசு போய்விடும்" என்ற நியாயத்தைப் பல பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். ஹஜ்ரத்தும் நாலு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கேட்பதை விட்டுவிடுகிறார்.

இதை வைத்துக் கோடிங்கே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. பிள்ளைகளுக்கு அது நல்லது என்பதே நம் கருத்து. ஆனால் அதற்கு மத்ரஸா நேரத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை; பல குடும்பங்கள் கொடுக்கும் அந்தப் பணத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் தெளிவாகச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில், அந்த வகுப்புகளில் என்னதான் கற்றுத் தருகிறார்கள் என்று பார்ப்போம். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது ஸ்கிராட்ச் அல்லது அதைப் போன்ற ஒன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு உருவாக்கி 2007ஆம் ஆண்டு பொதுவில் வெளியிட்டது அது. இன்று புழக்கத்தில் இருக்கும் மூன்றாம் பதிப்பு 2019 ஜனவரியில் வந்தது. இதன் வேர் இன்னும் பழையது. குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ஜான் பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் 1967இல் லோகோ என்ற மொழியைக் குழந்தைகளுக்காகவே உண்டாக்கினார்கள். திரையில் ஓர் ஆமை. அதற்கு முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்று கட்டளையிட்டால் அது போகும் வழியெல்லாம் கோடு விழும். ஸ்கிராட்ச் அந்த ஆமையின் பேரப்பிள்ளை.

லோகோவில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் கணினி மறுத்துவிடும். ஸ்கிராட்சில் தட்டச்சு மிகக் குறைவு. கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இடப்பக்கம் வரிசையாக இருக்கும். பிள்ளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பொருந்தாத இரண்டு கட்டைகள் ஒட்டவே ஒட்டா. ஆகவே எழுத்துப் பிழை, புள்ளி விடுபட்ட பிழை என்பவற்றுக்கு இடமில்லை. எஞ்சுவது எண்ணத்தின் பிழை மட்டுமே. நம் பார்வையில் இந்த முறையின் முழுப் பெறுமதியும் இங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. சதுரம் வரைய, 'நூறு அடி முன்னே போ, 90 பாகை திரும்பு' என்பதை நான்கு முறை செய்யச் சொன்னால் போதும். பிள்ளைகள் இதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்து முக்கோணம். முக்கோணத்தின் மூலை 60 பாகை என்று பள்ளியில் படித்திருக்கிறார்கள். எனவே 'நூறு அடி போ, 60 பாகை திரும்பு' என்று மூன்று முறை செய்யச் சொல்வார்கள். வருவது முக்கோணமல்ல, பாதியில் நின்றுபோன ஓர் அறுகோணம். திரும்ப வேண்டியது உள்கோணம் அளவுக்கல்ல, வெளிக்கோணமான 120 பாகை அளவுக்கு என்பதை யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை கண்டுபிடிக்க ஐந்து நிமிடமும் ஆகலாம், ஐம்பது நிமிடமும் ஆகலாம். எழுந்து நின்று கூடத்தில் தானே நடந்து பார்த்துத் திரும்பினால் சட்டென்று விளங்கிவிடும். அந்த ஐம்பது நிமிடத்தில் அருகில் இருக்கும் பெரியவர் வாய் திறக்காமல் இருப்பதே பெரிய உதவி. கட்டண வகுப்பில் இது நடப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் ஏதேனும் ஒன்றை முடித்துப் பெற்றோருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இருக்கிறது. ஆகவே அவர் 120 என்று சொல்லிவிடுகிறார்.

கட்டணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஸ்கிராட்ச் முற்றிலும் இலவசம். பதிவிறக்கிக் கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் கற்றுத்தரப் பல ஆயிரங்கள் வாங்குவது ஹராம் என்று நாம் சொல்லவில்லை. கற்பிக்கும் உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் ஊரடங்கு காலத்தில் பரவிய விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020, நடுநிலை வகுப்புகளில் கோடிங் சார்ந்த செயல்பாடுகள் அறிமுகப்படுத்தப்படும் என்றது. விளம்பரங்களோ, ஆறாம் வகுப்புக்குள் கற்காத பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அச்சத்தை வீடு வீடாக விதைத்தன. எட்டு வயதுப் பிள்ளை கோடீசுவரனாகும் கதைகளும் உலவின. அச்சத்தை விற்றுப் பணம் பண்ணுவதை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

அதைவிடக் கவலை தருவது தவணைத் திட்டம். மொத்தப் பணம் இல்லாத குடும்பத்திடம், மாதத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். அதில் கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். பல வேளைகளில் பயிற்சி நிறுவனத்துக்கும் நமக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கடன் நிறுவனம் அமர்ந்திருக்கிறது. பிள்ளை பாதியில் வகுப்பை விட்டாலும் கடன் நிற்பதில்லை; தவணை தவறினால் வட்டியும் அபராதமும் தொடர்கின்றன. பிள்ளைக்கு அறிவைத் தேடப் போய் வட்டியின் வாசலில் நிற்பது எத்தகைய இழப்பு! ஐயம் இருப்பவர்கள் ஒப்பந்தத் தாளையே எடுத்துக்கொண்டு தங்கள் ஊர் ஆலிமிடம் சென்று கேட்பது நல்லது.

இனி, மத்ரஸாவா கோடிங்கா என்ற கேள்விக்கு வருவோம். மத்ரஸா என்றால் மனனம், கோடிங் என்றால் சிந்தனை என்று ஒரு பிரிவினையை நம்மில் படித்தவர்களே பேசுகிறார்கள். அலிஃப், பே தொடங்கி தஜ்வீத் வரை முறையாக ஓதிய ஒரு பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று அவர்கள் கவனித்ததில்லை போலும்.

நூன் ஸாகின், தன்வீன் சட்டங்களையே எடுத்துக்கொள்வோம். ஓதிக்கொண்டே வரும் பிள்ளை சுகூன் பெற்ற நூனைக் காண்கிறது. உடனே அடுத்த எழுத்தைப் பார்க்கிறது. அது தொண்டையிலிருந்து பிறக்கும் ஆறு எழுத்துகளில் ஒன்றாக இருந்தால் நூனைத் தெளிவாக உச்சரிக்க வேண்டும், அது இள்ஹார். யா, ரா, மீம், லாம், வாவ், நூன் ஆகிய ஆறில் ஒன்றானால் நூனை அதனுடன் இணைத்துவிட வேண்டும், அது இத்காம். பா வந்தால் நூன் மீமாக மாறும், அது இக்லாப். மீதியுள்ள பதினைந்து எழுத்துகளில் எது வந்தாலும் மறைத்து ஓத வேண்டும், அது இக்ஃபா. இருபத்தெட்டு எழுத்தும் அடங்கிவிட்டன. ஒன்றும் வெளியே நிற்கவில்லை. 'இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்று கோடிங் வகுப்பில் மூன்றாம் வாரம் கற்றுத்தரும் பாடம் இதுதானே! பத்து வயதுப் பிள்ளை அதை நொடிக்குப் பல முறை, வாயால் ஓதியபடியே செய்துகொண்டிருக்கிறது.

அந்தப் பிள்ளையிடம் ஸ்கிராட்சைக் கொடுத்து, இந்தச் சட்டத்தை ஒரு வினா விளையாட்டாக ஆக்கச் சொல்லுங்கள். திரையில் கேள்வி வரும்: நூனுக்கு அடுத்து என்ன எழுத்து? விளையாடுபவர் எழுத்தின் பெயரைத் தட்டுவார். நிரல், எந்தச் சட்டம் என்று சொல்ல வேண்டும். இதற்கு எழுத்துகளின் பட்டியல்கள் தேவை. பிள்ளை தமிழில் எழுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கியதுமே முதல் சிக்கல் வரும். இள்ஹாருடைய பட்டியலில் இரண்டு 'ஹா' இருக்கின்றன. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. பிரித்துக் காட்ட ஒரு வழி கண்டாக வேண்டும். தமிழை அரபு எழுத்தில் எழுத முனைந்த நம் முன்னோர் இதே சிக்கலை மறுபக்கத்திலிருந்து சந்தித்தார்கள். தமிழில் உள்ள சில ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லாததால், இருந்த எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதியவற்றை உண்டாக்கி அரபுத்தமிழை வளர்த்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பாட்டிமார் ஓதிய ஏடுகள் அப்படி எழுதப்பட்டவைதாம். பேரப்பிள்ளைக்கு இது தெரிந்தால் மகிழும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவையானது. நிரல் நன்றாக ஓடுகிறது. 'யா' என்றால் இத்காம் என்கிறது. அதை ஹஜ்ரத்திடம் காட்டினால், "துன்யா என்ற சொல்லில் நூனுக்கு அடுத்து யாதான் வருகிறது, அங்கே இணைத்து ஓதுவாயா?" என்று அவர் கேட்பார். அங்கே இள்ஹார்தான். இரண்டும் ஒரே சொல்லுக்குள் வருவதால் இத்காம் சட்டம் அங்கே செல்லாது. குர்ஆனில் இவ்வாறு வரும் சொற்கள் நான்கே. நிரலில் இன்னொரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: இரண்டு எழுத்தும் ஒரே சொல்லிலா, இரு சொற்களிலா? இப்போது கவனியுங்கள். பிழையைக் கண்டுபிடித்தது கணினியல்ல, ஹஜ்ரத். அவரிடம் போவதற்குப் பிள்ளைக்கு ஒரு புதிய காரணமும் கிடைத்துவிட்டது. மத்ரஸாவையும் கோடிங்கையும் எதிரெதிரே நிறுத்தியவர்கள் இந்த வழியைப் பார்க்கவில்லை.

(ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தஜ்வீதைத் திரையிலிருந்து கற்க முடியாது. அது வாயிலிருந்து வாய்க்கு வரும் அறிவு. கற்ற சட்டத்தை உறுதிப்படுத்திக்கொள்ளும் விளையாட்டுக்கு மேல் அந்த நிரலுக்கு மதிப்பில்லை.)

மார்க்க வாழ்வில் இத்தகைய பாடங்கள் நிறையக் கிடைக்கின்றன. உளூவில் முகம், கை, கால் ஒவ்வொன்றையும் மும்முறை கழுவுவது 'திரும்பச் செய்' என்ற கட்டளை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஸயீ செய்வதை நிரலாக்கச் சொன்னால், போய்வருவதை ஒன்று என்று எண்ணும் பிள்ளை பதினான்கு முறை நடந்து ஸஃபாவிலேயே வந்து நிற்கும். போவது ஒன்று, வருவது இன்னொன்று, முடிவது மர்வாவில் என்று திருத்தும்போது உம்ராவின் பாடமும் பதிந்துவிடும். முஸ்ஹஃபில் காற்பகுதியைக் குறிக்க ஓரத்தில் வரும் எட்டுமுனை அடையாளத்தை வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு சதுரம் வரைந்து, 45 பாகை திரும்பி, இன்னொரு சதுரம் வரைந்தால் வந்துவிடும் என்று பிள்ளை நினைக்கும். வராது, இரண்டு சதுரமும் ஒரே மூலையிலிருந்து விரிந்து கோணலாக நிற்கும். மையத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன்பிறகே விளங்கும்.

சற்று வளர்ந்த, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நாம் பரிந்துரைப்பது வாரிசுரிமைக் கணக்கு. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அல்காரிதம் என்ற சொல் அல்குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி பெருமையோடு சொல்லப்படுகிறது. உண்மைதான். கலீஃபா மஃமூனின் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பக்தாதில் வாழ்ந்தவர் அவர். அல்ஜீப்ரா என்ற பெயரும் அவருடைய நூலின் தலைப்பிலிருந்து பிறந்ததே. ஆனால் அந்த நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. வஸிய்யத்தும் சொத்துப் பங்கீடும் அதில் ஏராளமான இடத்தைப் பிடித்திருக்கின்றன. இறந்தவரின் பிள்ளைகளுக்கு அநீதி நேராமல் பிரித்துக் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடிய கணக்கு அது. முன்னோரின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவதைவிட, அவர் போட்ட கணக்கில் ஒன்றை நம் பிள்ளை போட்டுப் பார்ப்பது மேல்.

எளிமையான நிலையிலிருந்து தொடங்கலாம். கடன், அடக்கச் செலவு, வஸிய்யத் எல்லாம் கழிந்துவிட்டன. வாரிசுகளாக மகன்களும் மகள்களும் மட்டுமே இருக்கிறார்கள். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகன்கள் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, மகள்களைக் கூட்டினால் மொத்தப் பங்கு. இரண்டு மகன்கள், மூன்று மகள்கள் என்றால் ஏழு பங்கு. சொத்து ஏழு லட்சமானால் மகளுக்கு ஒரு லட்சம், மகனுக்கு இரண்டு லட்சம். மூன்று மாறிகள், நாலைந்து கட்டைகள். அரை மணி நேரத்தில் நிரல் தயார், பிள்ளைக்குப் பெருமிதம்.

இப்போது மகன்கள் என்ற இடத்தில் பூச்சியம் போடச் சொல்லுங்கள். மகள்கள் மட்டும் இருக்கும் குடும்பம். நிரல் கொஞ்சமும் தயங்காமல் முழுச் சொத்தையும் மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். அது தவறு. ஒரே மகளானால் பாதி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களானால் மூன்றில் இரண்டு என்பது குர்ஆன் வகுத்த பங்கு. எஞ்சியதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. நிரல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, நின்றுபோகவும் இல்லை. அழகாக, தைரியமாக, தவறான விடையைச் சொன்னது. மனைவி உயிரோடிருந்தால், தாய் தந்தை இருந்தால் என்று கேள்விகளை அடுக்கினால், தன் நிரல் எத்தனை சிறிய உலகத்துக்கு மட்டும் பொருந்தும் என்பதைப் பிள்ளை உணரும். ஒரு குடும்பத்தின் பங்கீட்டுக்கு இந்த விளையாட்டை எவரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதும் அப்போது தானே விளங்கும். அதற்கு ஆலிமிடம்தான் போக வேண்டும்.

'இனிச் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடும்; பிள்ளைகள் இதைக் கற்று என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கும் நாம் சொல்லும் விடை இதுவே. எழுதித் தருவது எந்திரமானால், தந்தது சரியா என்று பார்ப்பவர் யார்? மகன் இல்லாத வீட்டை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? தைரியமாகச் சொல்லப்படும் தவறான விடையைச் சிறு வயதிலேயே ஒருமுறை தன் கையால் உண்டாக்கிப் பார்த்தவருக்கு, திரையில் வருவதையெல்லாம் நம்பும் பழக்கம் எளிதில் ஒட்டாது. வேலைவாய்ப்புக்காக ஸ்கிராட்ச் கற்பிக்கிறோம் என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நிறுவனங்களில் மென்பொருளை ஸ்கிராட்சில் எழுதுவதில்லை. பத்து வயதில் வேலையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

உருவப்படங்கள் பற்றிய தயக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. ஸ்கிராட்சைத் திறந்ததும் ஒரு பூனை வந்து நிற்கும். உயிரினங்களின் உருவங்களை வரைவது, அசையவைப்பது குறித்து உலமாக்களிடையே விரிவான கருத்துகள் உள்ளன. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், சிறகுள்ள குதிரைப் பொம்மை ஒன்று இருந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அதைக் கொண்டு குழந்தைகளின் விளையாட்டுக்குச் சலுகை உண்டு என்பவர்கள் பலர். பேணுதலாக விலகி இருப்பவர்களும் உண்டு. நீங்கள் பின்பற்றும் ஆலிமின் கருத்துப்படி நடந்துகொள்ளுங்கள். பூனையை ஒரே சொடுக்கில் நீக்கிவிடலாம். அதன் இடத்தில் பந்தோ அம்புக்குறியோ வைத்தாலும் எல்லாக் கட்டைகளும் அப்படியே வேலை செய்யும். மேலே நாம் சொன்ன எந்தப் பயிற்சிக்கும் உயிருள்ள உருவமோ இசையோ தேவைப்படவில்லை.

உண்மையான ஆபத்து பூனையில் இல்லை, இணையதளத்தில் இருக்கிறது. அங்கே உலகெங்கும் உள்ள பிள்ளைகள் செய்து பகிர்ந்த விளையாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. "ஸ்கிராட்ச் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் பிறர் செய்த விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனவே தொடக்கத்தில் கணினியில் பதிவிறக்கிய செயலியையே கொடுங்கள். அதில் பிறர் விளையாட்டுகள் கிடையாது. வாரம் ஒருமுறை, "இந்த வாரம் நீ செய்தது எது? காட்டு" என்று கேளுங்கள். பின்னர் இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் சொந்தப் பெயரோ, ஊரோ, பள்ளியோ, புகைப்படமோ அதில் இடம்பெறக் கூடாது. பிறர் படைப்பை எடுத்து மாற்றிச் செய்ய அங்கே அனுமதி உண்டு. அப்படிச் செய்தால் மூலப் படைப்பாளியின் பெயர் தானாகவே மேலே நிற்கும். அவர் இன்னொருவரிடமிருந்து எடுத்திருந்தால் அதுவும் தெரியும். யாரிடமிருந்து பெற்றோம் என்பதைச் சங்கிலியாகச் சொல்லும் இஸ்னாத் மரபில் வந்த நமக்கு இதைப் பிள்ளைக்கு விளக்குவது கடினமல்ல. பெயரை அழித்துவிட்டுத் தனதென்று காட்டுவது அமானிதத்தில் கைவைப்பது என்று சொன்னால் எட்டு வயதுக்கும் புரியும்.

கருவியைப் பொறுத்தவரை, கைப்பேசியின் சிறிய திரை இதற்கு ஏற்றதல்ல. கட்டைகளை இழுத்துப் பொருத்த இடம் போதாது. பிள்ளைகள் எரிச்சலடைந்து விட்டுவிடுவார்கள். 2011 முதல் தமிழ்நாடு அரசு மேனிலை மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினி பல வீடுகளில் அலமாரியில் உறங்குகிறது. அது இன்னும் இயங்கினால் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. கட்டைகளில் சொற்களே கிடையாது, படக்குறிகள் மட்டும். அது டேப்லெட்டில் இயங்கும், அதுவும் இலவசம். ஆனால் அந்த வயதில் அவசரமில்லை. மணலும் மரக்கட்டையும் போதும்.

இனி, நம் சமுதாயம் பேசத் தயங்கும் ஒன்று. வீட்டில் ஒரே ஒரு கணினி இருந்தால் அது அண்ணனுடையது. கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டுவதும் பெரும்பாலும் மகனுக்கு. மகளுக்கு? "அவளுக்கு எதற்கு?" என்ற கேள்வியை இன்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் செயல் அதைத்தான் சொல்கிறது. வீட்டுக்குள்ளிருந்தே, யாரும் வெளியே அழைத்துச் செல்லாமல், கட்டணமில்லாமல் கற்கக்கூடிய ஒன்று கிடைத்திருக்கும்போது அதை மகளிடமிருந்து விலக்கி வைக்க எந்தச் சாக்கும் மிஞ்சவில்லை.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. பி.சி.ஏ.வும் பி.எஸ்.சி. கணினி அறிவியலும் படித்துப் பட்டம் வாங்கிய உம்மாக்கள் நம் முஹல்லாக்களில் எத்தனை பேர்! திருமணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு பீரோவில் சான்றிதழாக இருக்கிறது. வாப்பா துபாயிலோ ரியாதிலோ இரவுப் பணி பார்த்து அனுப்பும் பணம், முன்பின் அறியாத ஒரு நிறுவனத்துக்குக் கோடிங் கட்டணமாகப் போகிறது. அந்த நிறுவனத்தில் வகுப்பெடுப்பவரும் பெரும்பாலும் அதே பட்டம் பெற்ற இன்னொரு பெண்தான். கற்றவர் வீட்டிலேயே இருக்க, கல்வியை ஏன் கடனுக்கு வாங்குகிறோம்? படிக்காத உம்மாக்களும் தயங்க வேண்டியதில்லை. பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இது ஏன் இப்படிப் போகிறது?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. பதில் சொல்ல முயலும்போதே பிள்ளை தன் பிழையைக் கண்டுபிடித்துவிடும். வாப்பாவும் வெள்ளிக்கிழமை காணொலி அழைப்பில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு நிறுத்தாமல், செய்ததைக் காட்டச் சொல்லலாம்.

நேரத்தைப் பற்றி முதலில் சொன்னதற்கு வருகிறோம். இணையவழி வகுப்பு பாங்குக்கு நிற்பதில்லை. வீட்டில் தானாகச் செய்யும் நிரல் நிற்கும். பலர் சேர்ந்து ஆடும் கைப்பேசி விளையாட்டைப் போல 'இந்த ஆட்டம் முடியட்டும்' என்ற கெஞ்சலும் தேவையில்லை. சேமித்து மூடிவிட்டால் தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வார நாள்களில் வேண்டாம். சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் போதும் என்பது நம் கணிப்பு.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. பல பள்ளிவாசல்களின் மேல்மாடியில் மத்ரஸா அறை சனிக்கிழமை காலையில் பூட்டிக் கிடக்கிறது. பழைய கணினிகள் நான்கைந்தைத் தனவந்தர்களிடம் கேட்டுப் பெறலாம். பட்டம் பெற்ற சகோதரிகளில் இருவர் முன்வந்தால், பெண்பிள்ளைகளுக்கு ஒரு நேரம், ஆண்பிள்ளைகளுக்கு ஒரு நேரம் என்று பிரித்து நடத்தலாம். அவர்களுக்கு ஒரு கௌரவமான ஊதியமும் கொடுக்க வேண்டும், இலவச சேவை என்ற பெயரில் உழைப்பைச் சுரண்டக் கூடாது. கோடை விடுமுறைக்கு முன் அறையின் மின் இணைப்பைச் சரிபார்த்துவிட்டால், இன்ஷா அல்லாஹ், மே மாதத்திலேயே தொடங்கிவிடலாம். முதல் நாள் முக்கோணம் வரையட்டும். 120 என்று யாரும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.